தாய்மாமன் மடியில் ஒரு காதுகுத்து

உலகத்தில் எந்த நோயை வேண்டுமானாலும் நாலு பேர் நடுவில் சொல்லிக்கொள்ளலாம். நெஞ்சு வலி என்றால் கதிரை போட்டு உட்கார வைப்பார்கள். சர்க்கரை என்றால் 'எனக்கும்தான் இருக்கு' என்று பக்கத்தில் வந்து உட்காருவார்கள். வயிற்றால் போகிறது என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். கேட்டவர் முதலில் சிரிப்பார், அப்புறம் ஓரடி தள்ளி நிற்பார். அந்தச் சிரிப்புக்குப் பயந்து ஒன்றரை வருஷம் நான் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், மாரியம்மன் கோயில் வாசலில், தப்பு மேளம் முழங்க, அக்காவின் புருஷன் வீட்டு ஜனம் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, என் வயிறே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கொத்மலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியர். (ஆமாம், விஞ்ஞானம். சிரிக்கிறவர்கள் இப்போதே ஆரம்பித்துவிடலாம்.) எட்டாம் வகுப்புக்குச் சமிபாட்டுத் தொகுதி நடத்தும்போது குடலை அவ்வளவு அழகாக வரைவேன். சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடம் வயிற்றின் வலது கீழ்ப்பக்கம் என்று சோக்கால் வட்டம் போட்டுக் காட்டுவேன். காட்டிக்கொண்டிருக்கும்போதே எனக்குள் அதே இடத்தில் யாரோ ஈரத்துணியை முறுக்கிப் பிழிவார்கள். மேசையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். சேர் ஏதோ யோசிக்கிறார் என்று பிள்ளைகள் மரியாதையாகக் காத்திருப்பார்கள். வலி இறங்கியதும் அந்த வட்டத்தை அழித்துவிட்டு நுரையீரலுக்குப் போய்விடுவேன்.

முதலில் வந்தது வலிகூட இல்லை, வாய்ப்புண். ஒன்று ஆறுவதற்குள் இன்னொன்று வரும். "ஒடம்புச் சூடு" என்று அம்மா தினமும் வல்லாரைச் சம்பல் அரைத்துப் போட்டாள். பச்சைக் கீரை உள்ளே போனால் அன்று முழுக்க நான் வெளியே போகவேண்டியிருந்தது. சாயங்காலமானால் மெல்லிய காய்ச்சல் அடிக்கும்; அது மலைக் குளிர் என்று முடிவு செய்தேன். முழங்கால் வீங்கி வலித்தது. பாடசாலை மேட்டில் இருப்பதால் என்று முடிவு செய்தேன். ஆசனவாயில் ஒரு புண் வந்து ஆறாமல் நின்றது; அதை நான் யாரிடமும் சொல்லாததால் அதற்குக் காரணம் கண்டுபிடிக்கும் அவசியமே வரவில்லை. உடம்பு இளைத்துக்கொண்டே போனது. பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டேன், பிறகு அதற்கும் உள்ளே இன்னொன்று. பிள்ளைகளின் பரீட்சைத் தாள்களில் புள்ளிகளைப் பிழையில்லாமல் கூட்டிப் போடுகிறவன், இதெல்லாம் ஒரே ஆளின் உடம்பில் நடக்கிறது என்று கூட்டிப் பார்க்கவில்லை.

எங்கள் பாடசாலை அதிபர் யாழ்ப்பாணத்துக்காரர். நல்ல மனுஷன். ஒருநாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பி, உமக்கு அல்சர்தான். நேரத்துக்குச் சாப்பிடுறேல்லை. பால் குடியும், எல்லாம் சரிவரும்" என்றார். வலிக்கு மட்டும் காரணம் கேட்டிருந்தேன். வயிற்றுப்போக்கைப் பற்றி மூச்சு விடவில்லை. அவர் சொன்னபடி பால் குடித்தேன். அதற்குப் பிறகு இரவில் தூக்கத்திலிருந்தே எழுந்து ஓட வேண்டியதாயிற்று. தோட்டத்து மருந்துக்காம்பராவுக்கும் போனேன். "என்ன செய்யுது?" என்று கேட்டார்கள். பசி இல்லை என்று மட்டும் சொன்னேன். சொன்ன நோய்க்குத்தானே மருந்து தருவார்கள்? வயிற்றுப் பூச்சிக்கு மருந்து தந்தார்கள்.

இதில் பெரிய சிக்கல் லயத்தில் குடியிருப்பது. வீடுகள் ஒரே வரிசை, கக்கூஸ் வரிசையின் கடைசி. கையில் தண்ணி வாளியோடு எல்லா வாசலையும் கடந்துதான் போகவேண்டும். வாளியோடு போகிறவன் எங்கே போகிறான், இன்று எத்தனையாவது தடவை என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒவ்வொரு தடவையும் வாயில் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு, தோளில் துவாயைப் போட்டுக்கொண்டு, பல் துலக்கப் போகிறவனைப் போல நடப்பேன். விடியற்காலை, பாடசாலைக்கு முன், பாடசாலை விட்டு வந்ததும், தேத்தண்ணிக்குப் பிறகு, இருட்டியதும், எல்லா வேளையும் பல் துலக்கினேன். எதிர்வீட்டு அக்கா தன் மகனைப் பிடித்து உலுக்குவதைக் காதால் கேட்டேன்: "சேரைப் பாருடா. எத்தன தரம் பல்லு வெளக்குறாரு. நீ ஒரு தரம் வெளக்குனியா?"

அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது, ஆனால் வேறு பக்கமாக வந்தது. தொண்டையில் ஏதோ சிக்கி வயிற்றில் தங்கிவிட்டது, தொக்கம் எடுத்தால் சரியாகும் என்று தோட்டத்து மேல்கணக்குப் பிரிவில் ஒரு அம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனாள். அந்த அம்மா என் வயிற்றில் விளக்கெண்ணெய் தடவி, ஒரு குழலை வைத்து உறிஞ்சி, வாழை இலையில் ஒரு கறித்துண்டைத் துப்பினார். "பாத்தியா, கல்யாண வீட்டு ஆட்டுக்கறி" என்றாள் அம்மா. அவள் சொன்ன கல்யாணம் நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவ்வளவு காலம் கெடாமல் இருந்த அந்தக் கறியைப் பற்றி ஒரு விஞ்ஞான ஆசிரியனாக நான் ஏதாவது கேட்டிருக்கலாம். நான் கேட்டது, அந்த வீட்டில் கக்கூஸ் எங்கே என்றுதான்.

இந்த நிலையில்தான் லிந்துலையிலிருந்து அக்கா போனில் பேசினாள். அவள் மகள் தர்ஷிகாவுக்கு மூன்று வயது. மொட்டையடித்துக் காது குத்தப் போகிறார்கள். நான்தான் தாய்மாமன், வேறு ஆள் கிடையாது. அப்பா போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகியிருந்தது. அக்காவின் மாமியாருக்கு ஏற்கெனவே எங்கள் வீட்டுக் கல்யாணச் சீரில் ஏகப்பட்ட குறை. அக்கா கொழுந்து பறித்துவிட்டு வந்து தினமும் அந்தக் குறைகளைத்தான் கேட்டுக்கொண்டு சோறு தின்றாள்.

"சீரு கொறஞ்சா கொறஞ்சிட்டுப் போவட்டும் தம்பி. நீ வந்து ஒழுங்கா உக்காரு. ஏன்னா மொட்டையும் ரெண்டு காதும் முடியுற வரைக்கும் தாய்மாமன் எந்திரிக்கக் கூடாது. நடுவுல எந்திரிச்சா புள்ளைக்கு ஆவாதுன்னு அவங்க வீட்டுல சொல்லுவாங்க. அப்பறம் என்னைய உசிரோட விடமாட்டாங்க."

"எவ்வளவு நேரம் ஆகும்க்கா?"

"என்னாடா கேள்வி இது? ஒரு மணி நேரம் ஒக்காந்தா தேஞ்சா போயிருவ?"

ஒரு மணி நேரம். அந்தக் காலத்தில் எனக்குச் சொந்தமாக ஒரு மணி நேரம் கிடையாது. பாடசாலையில்கூட நாற்பது நிமிஷப் பாடத்துக்குள் இரண்டு முறை 'அலுவலகத்துக்கு' போய் வருகிறவன் நான். ஆனாலும் அக்காவிடம் சரி என்றேன். அக்காவிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் அவள் காதுகுத்தையே தள்ளி வைத்திருப்பாள். எனக்கு அது தோன்றவே இல்லை, அவளிடமும் சிரிப்புக்குத்தான் பயந்தேன்.

திட்டம் ஒன்று வகுத்தேன். உள்ளே ஒன்றும் போகாவிட்டால் வெளியே ஒன்றும் வராது. முதல் நாள் மத்தியானத்திலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் தொடவில்லை. அம்மாவும் நானும் சீர்த் தட்டுகளோடு வேனில் ஏறினோம். அந்த வளைவுகளில் வெறும் வயிறு என்னோடு நன்றாகவே ஒத்துழைத்தது. லிந்துலையில் இறங்கும்போது எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்துவிட்டது.

கோயில் வாசலில் தப்படித்து வரவேற்றார்கள். அக்காவின் மாமியார் முன்னால் வந்து ஒரு பெரிய கிளாஸை நீட்டினார். சீர் கொண்டுவரும் தாய்மாமனுக்குப் பாலும் பழமும் கொடுப்பது அந்த வீட்டு வழக்கம். சுண்டக் காய்ச்சிய பால், மேலே ஆடை மிதந்தது.

"வேணாங்க. வயிறு கொஞ்சம்..."

"எங்க வீட்டுப் பாலு எறங்காதோ?" என்றார் மாமியார். தப்பு நின்றது. அக்கா அவருக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்தாள். ஐந்து வருஷமாகத் தின்ற சோறு முழுவதும் அந்தப் பார்வையில் இருந்தது. ஒரே மூச்சில் குடித்தேன். அதோடு இரண்டு வாழைப்பழம்.

மணைப்பலகையில் கிழக்கே பார்த்து உட்கார்ந்தேன். வெள்ளை வேட்டி, புதுசு. தர்ஷியை மடியில் வைத்தார்கள். மஞ்சள் பட்டுப் பாவாடையில் சின்னப் பொம்மை மாதிரி இருந்தாள். மொட்டை ஆரம்பித்தது. பாதித் தலை வழிக்கும்போதே வயிறு பேச ஆரம்பித்துவிட்டது. தர்ஷி தலையைத் திருப்பினாள்.

"மாமா, ஒங்க வயித்துக்குள்ள என்னா சத்தம்?"

"தப்பு அடிக்கிறாங்கம்மா."

"வயித்துக்குள்ளயா?"

நெற்றியிலிருந்து வேர்வை வழிந்தது. லிந்துலைக் குளிரில் ஒருவன் அப்படி வேர்ப்பதை அதற்கு முன் அங்கே யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். "மருமவ மேல அம்புட்டு பாசம், பயந்துட்டாரு" என்று யாரோ சொல்வது கேட்டது. கோயில் மேட்டில், கக்கூஸ் கீழே லயத்துக்குப் பின்னால். எழுந்தால் அக்கா போனாள். எழாவிட்டால் நான் போனேன். பல்லைக் கடித்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஆவர்த்தன அட்டவணையை ஐதரசனிலிருந்து சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பத்தர் வந்து முதல் காதைக் குத்தினார். தர்ஷி வீறிட்டாள். அழுகையை அமுக்கத் தப்பை இன்னும் வேகமாக அடித்தார்கள். நான் பொட்டாசியம் வரைக்கும் போயிருந்தேன். பத்தர் இரண்டாவது காதுக்குக் கம்பியைக் கொண்டுபோனார். தர்ஷி உடம்பை வில்லாக வளைத்து, குதிகாலால் ஓங்கி ஒரு உதை விட்டாள். உதை விழுந்த இடம், நான் வருஷா வருஷம் சோக்கால் வட்டம் போட்டுக் காட்டுகிற அதே இடம்.

அதற்குப் பிறகு நடந்ததை விவரிக்கத் தேவையில்லை. மணம் முதலில் பத்தருக்கு எட்டியது. அவர் கை ஒரு கணம் நின்று, ஓட்டை கொஞ்சம் மேலே போய்விட்டது. பாவாடையில் கறை ஏறுவதை மாமியார் பார்த்தார்.

"ஐயோ பாவம், புள்ள பயத்துல போயிருச்சு. தூக்குங்க, தூக்குங்க."

எல்லோரும் பிள்ளைக்காக உச்சுக் கொட்டினார்கள். நானும் கொட்டினேன். (எழுதும்போதே கை கூசுகிறது. இருந்தாலும் நடந்தது அதுதான்.) 'பரவாயில்ல, சின்னப் புள்ளதானே' என்றுகூடச் சொன்னேன். அக்கா தர்ஷியை வாரியெடுத்துக்கொண்டு பக்கத்தில் பீலியில் கொட்டுகிற தண்ணிக்கு ஓடினாள். தப்பு அடிக்கிறவர்கள் என்ன செய்வது என்று தெரியாமல் நிறுத்திவிட்டார்கள். அந்த அமைதியில், பீலிக்கரையிலிருந்து, புண்பட்ட காதும் பாதிக்கப்பட்ட கௌரவமுமாக ஒரு குரல் மலை முழுக்கக் கேட்டது.

"நான் இல்ல. மாமா."

ஜனம் மொத்தமும் மணைப்பலகைப் பக்கம் திரும்பியது. நான் எழவில்லை. எழ முடியாது. மச்சான் ஒன்றும் கேட்காமல் வந்து, தன் தோளில் கிடந்த சால்வையை என் இடுப்பில் சுற்றிக் கைத்தாங்கலாக எழுப்பினார். பின்னால் சிரிப்பு வெடித்தது. ஒன்றரை வருஷமாக நான் யாருக்குப் பயந்தேனோ அந்தச் சிரிப்பு. அதற்கு மேல் மாமியாரின் குரல்: "மடி குடுக்க வந்த தாய்மாமன். இவனுக்கே ஒரு மடி வேணும்போல இருக்கு."

லயத்தில் மச்சானின் சாரத்தைக் கட்டிக்கொண்டு, வீட்டு மூலையில் முகத்தை மூடி உட்கார்ந்திருந்தேன். செத்துப்போனால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். வேட்டியை அலசப்போன அக்கா அதை ஈரமாகவே கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். கதவைச் சாத்தினாள். திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"இதுல ரத்தம் இருக்கு. எத்தன நாளா?"

"இன்னைக்குத்தான்க்கா. பால் ஒத்துக்கல."

"பொய் சொல்லாத. ஒன் கையப் பாரு, காஞ்ச மெலாறுக் குச்சி மாதிரி. நான் ஒன்னைய இடுப்புல தூக்கி வளத்தவ. எத்தன நாளா?"

சொன்னேன். வாய்ப்புண், காய்ச்சல், முழங்கால், பிரஷ், வாளி, யாரிடமும் சொல்லாத அந்தப் புண், எல்லாம். சொல்லச் சொல்ல அழுகை வந்தது. அக்கா சிரிக்கவில்லை. காதுகுத்து கெட்டுப்போனதைப் பற்றி அன்றும் கேட்கவில்லை, இன்றுவரைக்கும் கேட்கவில்லை. "இத்தனையும் வச்சிக்கிட்டா பால வாங்கிக் குடிச்ச?" என்று மட்டும் கேட்டுவிட்டு, சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தாள்.

மறுநாள் அவளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டொக்டர் இளம் பெண், சிங்களத்தில்தான் பேசினார். ஒரு நாளைக்கு எத்தனை தரம் போகிறது என்று கேட்டார். எனக்கு நல்ல சிங்களம் தெரியும். "தெக்கய்" என்றேன், இரண்டு என்று. (அப்போதும் பாருங்கள்.) அக்காவுக்குத் தெரிந்த சிங்களம் சந்தைக்குப் போய்வரத்தான் காணும். அதை வைத்துக்கொண்டே முன்னால் வந்து, "பொரு கியனவா, மிஸ்" என்றாள். பொய் சொல்கிறான் என்று அர்த்தம். பிறகு பத்து விரலையும் விரித்துக் காட்டினாள்.

அங்கிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். முதலில் குடலில் காசமோ என்று சந்தேகப்பட்டார்கள். கமரா விட்டுப் பார்த்து, சதை எடுத்துச் சோதித்து, ஸ்கேன் எடுத்து, பல வாரத்துக்குப் பிறகு பெயர் சொன்னார்கள். குரோன்ஸ் நோய். குடலில் புண் வைத்து வைத்து வழியே சுருங்கிப்போகும் நோய். வாய்ப்புண், காய்ச்சல், மூட்டு வலி, ஆசனவாய்ப் புண் எல்லாமே அதன் வேலைதான், தனித்தனி நோயில்லை என்றார் டொக்டர். கட்டுப்படுத்தலாம், அடியோடு போகாது.

"வெள்ளக்காரன் பேரா இருக்கே. அது நமக்கு ஏன் வருது?" என்றாள் அம்மா.

நாம் பிறந்து வளர்ந்த தோட்டத்துக்கும் வெள்ளைக்காரன் பெயர்தானே என்றேன். அன்றைக்கு நான் சொன்ன ஒரே நகைச்சுவை அதுதான், யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் என் குடல் ஓரிடத்தில் நூல் போகிற அளவுக்குச் சுருங்கியிருந்தது. வெட்டித்தான் எடுக்கவேண்டியிருந்தது, ஏறக்குறைய ஒரு முழம். ஆறேழு மாதம் முன்னால் வந்திருந்தால் மாத்திரையோடு போயிருக்கலாம் என்றார் டொக்டர். அவர் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மாசக்கணக்கில் படுக்கையில் கிடந்தேன். தர்ஷி பார்க்க வந்து, கட்டிலுக்கு எட்டத்திலேயே நின்று, "மடியில ஒக்கார மாட்டேன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகு எங்கள் குடும்பத்தில் எது உடைந்தாலும், எது காணாமல் போனாலும், யார் செய்தது என்று கேட்டால் ஒரே பதில்தான். நான் இல்ல, மாமா. மச்சானின் மோட்டார் சைக்கிள் நடுவழியில் நின்றால் அவர் சொல்வார். சோறு குழைந்தால் அக்கா சொல்வாள். மாமியார் படுத்த படுக்கையாகக் கிடந்த கடைசி நாட்களில், விரிப்பை மாற்ற வந்த அக்காவிடம் அந்தப் பொல்லாத மனுஷிகூட, "நான் இல்ல, மாமா" என்று பொக்கை வாயால் சொல்லிச் சிரித்தாராம். நானும் சிரிக்கப் பழகிவிட்டேன். மாத்திரையும் ஊசியுமாகக் காலம் ஓடுகிறது, இன்றும் வகுப்பில் குடல் வரைகிறேன்.

தர்ஷிக்கு இப்போது பதினான்கு வயது. போன டிசம்பர் லீவுக்கு அக்கா குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். தர்ஷி மெலிந்திருந்தாள். "வளர்ற வயசு" என்றாள் அக்கா. நானும் தலையாட்டினேன். (அத்தனை பட்ட நான்தான். அதே தலைதான்.) மத்தியானம் நான் குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தபோது முன்னறையிலிருந்து அக்கா சத்தம் போட்டாள்: "யாரு அது, கக்கூஸுக்கு ஒழுங்கா தண்ணி ஊத்தாம வந்தது?"

"நான் இல்ல, மாமா" என்றார் மச்சான். எல்லோரும் சிரித்தார்கள்.

தர்ஷி குசினிக்கு வந்து கதவோரம் நின்றாள். உதட்டோரத்தில் வெள்ளையாக ஒரு புண் இருந்தது.

"இந்த வாட்டி நான்தான், மாமா. தண்ணி ஊத்துனேன், போவல. ரத்தமும் வருது."

முன்னறையில் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. நான் அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

"எத்தன நாளா?"

"ரெண்டு மூணு வாரமா. வயித்து வலியும் இருக்கு, இங்க" என்று வலது பக்கம் கீழே தொட்டுக் காட்டினாள். "அம்மா பயந்துருவாங்க. ஒங்ககிட்டன்னா சொல்லலாம். நீங்கதான் எல்லாரு முன்னாடியும் போனவரு."

மறுநாள் கண்டிக்குப் போனோம். எத்தனை தரம் என்று டொக்டர் கேட்டதும், தர்ஷி விரலை மடக்கி எண்ணி உள்ளதைச் சொன்னாள். சில வாரச் சோதனைகளுக்குப் பிறகு பெயர் சொன்னார்கள், அதே நோய்தான். எங்கள் ரத்தத்தில் ஓடுகிறதோ என்னவோ. அன்று ராத்திரி அக்கா என் தோளில் சாய்ந்து வெகுநேரம் அழுதாள், நானும் அழுதேன். ஆனால் குடல் சுருங்கவில்லை, வெட்ட எதுவும் இல்லை, மாத்திரை போதும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது தர்ஷி எங்கள் வீட்டில் இருக்கும்போது விருந்தாளிகள் வந்து, கக்கூஸ் கதவு சாத்தியிருப்பதைப் பார்த்து யார் உள்ளே என்று கேட்டால், வந்தவர் யார் எவர் என்று பார்க்காமல் உள்ளேயிருந்து அவள் சத்தமாகக் குரல் கொடுக்கிறாள், "நான்தான், மாமா." விருந்தாளிகள் ஓரடி தள்ளி நிற்கிறார்கள். நாங்கள் அவர்களைப் பார்த்துச் சிரிக்கிறோம்.